முறைக்காவடி

தணிகாசலன் காப்பு
திருத்தணி
3-1-2025

அன்புள்ள துர்காவுக்கு, அக்கா மனோரமா எழுதுவது. இங்கே நானும் மகள் கவிப்பிரியாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் கௌதமன் தம்பியும் மோனிஷாவும் புனே குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா.

போனில் பேசினால் நமக்குள் ஒரு வார்த்தை கூடிப்போகிறது. காகிதம் என்றால் எழுதி, அடித்து, திருத்தி அனுப்பலாம். அதனால்தான் தபால். தவிர, என் போன் இப்போது இவருடைய, அதான் உன் பாவாவின், தலைமாட்டில் சாமி பாட்டு பாடிக்கொண்டு கிடக்கிறது.

நன்றாக இருக்கிறோம் என்று எழுதியதில் அவரைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கார்த்திகை மாதம் அவருக்கு வலது பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. "அவனுக்குச் சொல்லாத" என்றார். அண்ணனும் தம்பியும் பேசி மூன்றாவது வருஷம் ஆகப்போகிறது, உனக்குத் தெரியாததில்லை. சொல்லாமல் இருந்தேன்.

புது வருஷத்துக்கு முதல் நாள் படித் திருவிழா. சக்கர நாற்காலியில் அடிவாரம் வரை தள்ளிக்கொண்டு போனேன். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துப் பாடிக்கொண்டே சனங்கள் ஏறினார்கள். இவர் கீழேயிருந்து மலையைப் பார்த்து, "ஆடிக் கிருத்திகைக்கு நைனா காவடிய நானே தூக்கிகினு ஏறுவேன். என் கால்லயே ஏறுவேன்" என்றார். வாய் கோணிக்கொண்டதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. ஆனால் சாமியைப் பார்த்துச் சொன்னது சொன்னதுதான்.

நீ மருமகளாய் வருவதற்கு முன்னால் நடந்தது இது. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் அடிக்கக் கை ஓங்கினார்கள். பெற்ற மனசு பொறுக்காமல் நைனா அடுத்த நாளே ஆசாரியிடம் போய் ஒரே ஒரு காவடி செய்து வந்தார். "ரெண்டு பேருக்கும் சேத்து இது ஒண்ணுதான். ஒரு வருஷம் நீ, ஒரு வருஷம் அவன். எடுத்தவன் வீட்ல வருஷம் பூரா இருக்கட்டும். மறு ஆடிக்கு மத்தவன் கையில குடுத்துட்டு, ரெண்டு பேரும் ஒண்ணா சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். நைனா போய்ச் சேர்ந்த பிறகு பேச்சு நின்றது, முறை நிற்கவில்லை. போன ஆடியில் தம்பி வந்து, வாசலில் வைத்திருந்த காவடியைத் தூக்கிக்கொண்டு ஏறி, எங்கள் வீட்டில் தலை குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு, காவடியோடு புனே போனார். இந்த வருஷம் எங்கள் முறை. ஆகஸ்ட் பதினாறு ஆடிக் கிருத்திகை. முன்னாலேயே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.

தினமும் எத்தனை படி ஏறுகிறார் என்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் இன்று எழுதியது: மூன்று.

அக்கா
மனோரமா


புனே
21-1-2025

அன்புள்ள அக்காவுக்கு துர்கா வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்த அன்று எனக்குச் சமையல் ஓடவில்லை. பாவாவுக்கு இப்போது கை தூக்க வருகிறதா. உப்பைக் குறையுங்கள். பாவா திட்டினால் திட்டட்டும்.

இவரிடம் சொன்னேன்.  சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார், ஒரு மணி நேரம் கழித்து வந்தார். கையில் வாங்கி வந்தது எதுவும் இல்லை. எங்கே போனார் என்று நானும் கேட்கவில்லை.

மோனிஷா சமர்த்து. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை ஒரு மியூசியத்துக்கு இழுத்துப் போகிறாள். பெரிய பழைய கட்டடம். அதில் ஒரு கூடத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்து ஓவியப் பட்டறை நடத்துகிறார்கள். அமைதியும் பண்பாடும் என்று தலைப்பு. அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் ஒரே காகிதத்தில் வரைய வேண்டும். அடுத்தவர் வரைந்ததை அழிக்கக்கூடாது. இதுதான் அங்கே சட்டம். இவர் முதல் வாரம் ஒரு கோடு போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இப்போது மலை, படி எல்லாம் வரைகிறார்.

போன வாரம் அங்கே சொல்லிக்கொடுக்கிற அம்மா பிள்ளைகளிடம், உங்கள் வீட்டில் சண்டை முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒருத்தி ஐஸ்கிரீம் என்றாள். ஒருவன் அப்பா அம்மாவுக்கு டீ போடுவார் என்றான். நம் மோனிஷா எழுந்து, "எங்க வீட்ல சண்டை முடியாது ஆன்ட்டி, காவடி மட்டும் போயிட்டு வரும்" என்றாள். கூடமே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. காவடி என்றால் என்ன என்று கேட்டு, முழுக் கதையையும் என் வாயிலிருந்து வாங்கிவிட்டார். அடுத்த வாரம் அதைக் கொண்டுவந்து காட்ட முடியுமா என்றார்.

ஒரே ஒரு நாள் காட்டுவதற்காக எடுத்துப் போகிறோம் அக்கா. நான் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் தொடுவேன். ஆடிக்கு நீங்கள் சொன்னபடி.

துர்கா


தணிகாசலன் காப்பு
திருத்தணி
12-2-2025

அன்புள்ள துர்காவுக்கு, தைப்பூசக் கூட்டத்தில் காலெல்லாம் மிதிபட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் மூன்று பேருக்கும் நேற்று அர்ச்சனை செய்தேன். பிரசாதத்தை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன்.

உன் பாவா நாற்பத்தொரு படி ஏறுகிறார். இடது கை கம்பியில், வலது கை என் தோளில். அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கிற சின்னசாமி இருக்கிறாரே, அவருக்கு வாய் சும்மா இருக்காது. நேற்று, "இன்னாய்யா துளசிங்கம், புதுப்பொண்ணு மாரி அடி வச்சிகினு வர்ற" என்றார். இவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆங், நீ மொய் எழுதறதுக்குத் தயாரா இரு, ஆடியில கல்யாணம்" என்றார். சிரித்தபோது வாய் முன்போல நேராகத்தான் போனது. வீட்டுக்கு வந்து நோட்டில் அதையும் எழுதி வைத்தேன்.

தம்பி கடிதம் போட்டானா என்று என்னிடம் நேராகக் கேட்கமாட்டார். "தபால்காரர் இந்தப் பக்கம் வந்தாரா" என்பார். வந்தார், துர்கா எழுதியிருக்கிறாள் என்றேன். "என்னா எழுதிக்கீறா" என்றார். தம்பி மலையும் படியும் வரைகிறாராம் என்றேன். போர்வையை இடது கையால் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "சின்னதுலயும் அவன் நல்லா வரைவான்" என்றார். மூன்று வருஷத்தில் தம்பியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

காவடியைக் காட்டப் போனதாக எழுதியிருந்தாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. சாமிக்கு நேர்ந்தது காட்சிப் பொருள் இல்லை. போனது போகட்டும். அங்கே எதன் மேல் வைத்தீர்கள்? தரையிலா? செருப்புக் காலோடு நடக்கிற இடமா? வீட்டுக்குத் திரும்பி வந்ததும் பால் தெளித்து, விளக்கேற்றி வைத்தாயா? இந்த மூன்றுக்கும் பதில் எழுது.

மனோரமா


புனே
28-3-2025

அன்புள்ள அக்காவுக்கு, பதில் எழுத நாளாகிவிட்டது. மோனிஷாவுக்குப் பரீட்சை. எனக்கு இடுப்பு வலி. இங்கே இப்போதே வெயில் சுடுகிறது. நீங்கள் சொன்ன கணக்கில் மாவடு போட்டேன், கொஞ்சம் உப்புக் கூடிவிட்டது. பாவா நாற்பத்தொரு படி ஏறியது கேட்டுச் சந்தோஷம். இப்போது நூறைத் தாண்டியிருப்பார்.

மியூசியத்தில் பட்டறை நன்றாக நடக்கிறது. பட்டாளத்தில் இருந்து வந்த ஒருவரின் குடும்பம் அவருடைய பழைய பூட்ஸில் மண் நிரப்பிச் செடி வைத்திருக்கிறது. எல்லாரும் கைதட்டினார்கள். வருஷக் கண்காட்சிக்கு ஏற்பாடு நடக்கிறது. அந்த அம்மா எங்கள் குடும்பத்தை எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்படுகிறார். நாங்கள் அங்கே போய் உட்கார்ந்தால் ஊரில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

காவடி பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி நினைத்து நீங்கள் இரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கவிப்பிரியாவுக்குக் கடைசிப் பரீட்சை எப்போது? அவளுக்கு ஒரு சுடிதார்த் துணி எடுத்து வைத்திருக்கிறேன். மோனிஷா கீழே இரண்டு வரி எழுத வேண்டுமாம்.

துர்கா

பெரியம்மா, பெரியப்பா, எப்டி இருக்கீங்க? காவடிக்கு நான் நீலக் கலர் அடிச்சேன். அப்பா கையை வெள்ளைக் கலர்ல முக்கி அச்சு வச்சார். எல்லா பிள்ளைங்க கையும் அதுல இருக்கு. சூப்பரா இருக்கு. மோனிஷா.


தணிகாசலன் காப்பு
திருத்தணி
7-4-2025

துர்காவுக்கு, நலம். நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

நான் கேட்ட மூன்று கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. குழந்தை எழுதிவிட்டாள். அவள்மேல் கோபமில்லை, அவளைத் திட்டாதே. அந்த வளைவில் நைனா கையால் பூசின சந்தனம் இருந்தது. அதன் மேலா நீலம்? எந்த வீட்டுப் பிள்ளைகளோ, என்ன சாப்பிட்ட கையோ, அத்தனை கையும் அதன் மேலா?

கடிதத்தை உன் பாவாவிடம் படித்துக் காட்டும்போது அந்த இரண்டு வரியை விட்டுவிட்டேன். மோனிஷா உங்களைக் கேட்டாள் என்று மட்டும் சொன்னேன். நூற்றுப் பதினெட்டாவது படியில் உட்கார்ந்துகொண்டு, "காவடி எடை எம்மாம் இருக்கும், நீ தூக்கிப் பாத்துக்கீறியா" என்று கேட்கிறார். இப்போது தண்ணீர்க் குடத்தை இடது தோளில் வைத்துப் பழகுகிறார். என்னிடம் ஒளித்து, பின்கட்டில். பார்த்தும் பாராத மாதிரி வந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். காவடி இப்போது உன் வீட்டில் இருக்கிறதா, இல்லையா.

மனோரமா


புனே
2-6-2025

அன்புள்ள அக்காவுக்கு, எட்டு வாரம் நான் எழுதாமல் இருந்ததிலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கும். காவடி எங்கள் வீட்டில் இல்லை. மியூசியத்தில் இருக்கிறது.

மூடிமறைக்காமல் எழுதிவிடுகிறேன். முதலில் காட்டத்தான் போனோம். இரண்டாம் வாரம் அந்த அம்மா எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு துணிப்பட்டை கொடுத்து, உங்கள் வீட்டுக் கோபத்தை எழுதி இந்தக் காவடியில் கட்டுங்கள், இது சுமந்துகொண்டு போகட்டும் என்றார். எனக்கும் அது தவறாகத் தெரியவில்லை. நம் சாமியே கோபம் ஆறி வந்து உட்கார்ந்த மலைதானே என்று நானே எடுத்துச் சொன்னேன். அதைச் சொன்ன பிறகு வண்ணம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மயில் இறகைக் கழற்றிவிட்டு வண்ணம் அடித்தார்கள். இறகு என்னிடம் இருக்கிறது, பத்திரமாக.

பிறகு ஒரு படிவம் வந்தது. கண்காட்சி முடியும் முன் பொருளைத் திருப்பித் தர வேண்டுமா என்று ஒரு இடம். நான் எழுதுவதற்குள் இவர் வாங்கி, வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து நான் சத்தம் போட்டேன். "இது பாவா முறை, உங்களுக்கு இன்னா ரைட் இருக்கு" என்றேன். அவர் நிதானமாக, "நைனாவுக்குக் கொள்ளி வைக்கறப்ப எனக்கு இன்னா ரைட் இருந்துச்சு? ராவெல்லாம் வண்டி ஓட்டிகினு வந்தேன். சாம்பல்தான் இருந்துச்சு. ஒரு ராத்திரி நிறுத்தி வைக்க முடியாதவருக்குக் காவடி ஒரு கேடா" என்றார். 

கண்காட்சி அக்டோபர் முடிய இருக்கும். காவடிக்குக் கீழே ஒரு அட்டை வைத்திருக்கிறார்கள். மராத்தியிலும் ஆங்கிலத்திலும். தமிழில் இப்படி வரும்: "அமைதிக் காவடி. தென்னாட்டு மலைக்கோயில் ஊர் ஒன்றில் இரு சகோதரர் குடும்பங்கள் முறைவைத்துச் சுமந்து ஒற்றுமை காக்கும் காவடி."

அக்கா, நைனாவை எடுத்த நாளைப் பற்றி நீங்களும் நானும் ஒருதரம்கூடப் பேசிக்கொண்டதில்லை.

துர்கா


தணிகாசலன் காப்பு
திருத்தணி
19-6-2025

அன்புள்ள துர்காவுக்கு, உன் கடிதம் கிடைத்தது. இடுப்பு வலிக்கு நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சித் தடவு.

கவிப்பிரியாவுக்குச் சென்னையில் வேலை கிடைத்து நேற்று விடுதியில் சேர்த்துவிட்டு வந்தோம். வீட்டில் இனி நாங்கள் இரண்டு பேர்தான்.

உன் பாவா முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏறிவிட்டார். இன்னும் ஐம்பத்து மூன்று. போகிற வருகிற சனங்கள் நின்று பார்க்கிறார்கள். ஒரு பாட்டியம்மா, ஊர் பொதட்டூர்பேட்டையாம், தன் துண்டால் இவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "முருகன் உன் கூடவே ஏறிகினு கீறான் சாமி" என்றார். இவர் அழுதார்.

காவடியை நீங்கள் கிருத்திகைக்கு முதல் நாள் எடுத்து வருவீர்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னது சொன்னதாக இருக்க வேண்டும். நீலமோ பச்சையோ, அபிஷேகம் செய்து எடுத்துக்கொள்கிறேன். சாமி ஏற்றுக்கொள்வார். அந்த அம்மாவின் காலில் விழுந்தாவது கேள். இரண்டு நாளைக்குக் கொடுக்கட்டும். அட்டையில் முறைவைத்துச் சுமப்பதாக எழுதியிருக்கிறார்களே, முறைக்காரன் இங்கே காலை இழுத்துக்கொண்டு காத்திருக்கிறான் என்று அவர்களிடம் சொல்.

மற்றதைப் பற்றி இப்போது எழுத நேரமில்லை. அடுப்பில் பால் இருக்கிறது.

மனோரமா


புனே
14-7-2025

அன்புள்ள அக்காவுக்கு, கவிப்பிரியா வேலைக்குப் போனது மனசுக்கு நிறைவு. பாவாவைத் தனியாகக் கவனித்துக்கொண்டு நீங்கள் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

அந்த அம்மாவிடம் அழுதே கேட்டேன். நல்ல மனுஷி. கண் கலங்கிவிட்டார். பூஜைக்கு என்றால் ஒரு வாரம்கூடத் தருகிறோம், ஆனால் கொடுத்தவர் எழுதிக் கேட்க வேண்டும் என்றார். கொடுத்தவர் இவர்.

இவரிடம் கேட்டேன். மூன்று நாள் கேட்டேன். நேற்றுச் சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணன் ஒரே ஒரு வார்த்த கேக்கட்டும். ஏண்டா வரலன்னாச்சும் கேக்கட்டும், ஏன் நிறுத்தலன்னாச்சும் சொல்லட்டும். திட்டட்டும், பரவால்ல. அன்னைக்கே எழுதிக் குடுத்து, நானே தோள்ல வச்சிகினு வரேன்."

ஒரு வார்த்தைதான் அக்கா. பாவா இங்கே ஒரு போன் போட்டால் போதும். அவர் ஏன் கேட்கமாட்டேன் என்கிறார், அவர் மனசில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியும். உங்களால்தான் அவரைக் கேட்க வைக்க முடியும்.

ஆடிக் கிருத்திகைக்கு முப்பத்து மூன்று நாள் இருக்கிறது.

துர்கா


தணிகாசலன் காப்பு
திருத்தணி
20-8-2025

அன்புள்ள துர்காவுக்கு,

ஆடிக் கிருத்திகை முடிந்தது. நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

அன்று விடியும் முன்பே குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, சரவணப் பொய்கைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார், தம்பிக்கு. தாரை தப்பட்டை, அரோகரா சத்தம், காவடி மேல் காவடியாகப் போகிறது. ஒவ்வொரு தலையாகப் பார்க்கிறார். "ரயிலு லேட்டா இருக்கும்" என்றார். பத்து மணிக்கு, "ரேணிகுண்டாவுல எறங்கி பஸ்ல வருவான்" என்றார். பன்னிரண்டு மணிக்குமேல் பக்கத்தில் விட்ட இடத்தில் துண்டை விரித்து வைத்தார்.

சின்னசாமியிடம் சொல்லி நான் முன்னமே வாடகைக்கு ஒரு காவடி எடுத்து வைத்திருந்தேன். இரண்டு மணிக்கு அதைக் கொண்டுவந்து எதிரில் வைத்தேன். "இது யாருது" என்றார். சாமியுடையதுதான் என்றேன். "நான் நேந்துகினது இதுக்கில்ல" என்றார். சின்னசாமி, "தூக்குய்யா, காவடிக் கட்டையா பெருசு, போறது முருகனுக்குத்தான" என்று சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. கோலை ஊன்றி எழுந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நைனா சாவுக்கே வரமாட்டேன்னு சொன்னவன். காவடிக்கா வரப்போறான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். பொய்கை பக்கத்தில், மலை எதிரில். திறக்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். நான்கு நாளாகக் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. காலைப் பிடித்துவிடப் போனால், "எதுக்கு" என்கிறார்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். நைனா இறந்த அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, வழியிலிருந்து நீதான் போன் செய்தாய். தம்பி வண்டி ஓட்டுகிறார், விடியற்காலை வந்துவிடுவோம், நிறுத்தி வையுங்கள் என்றாய். உன் பாவா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி வராம எடுக்கமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். கவிப்பிரியாவுக்கு மறுநாள் காலை பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வு. இரவெல்லாம் பிணத்தைச் சுற்றி அழுகையும் பறையும் இருந்தால் பிள்ளை என்ன எழுதுவாள். பொழுதுக்குள் எடுத்துவிட்டால் பக்கத்துத் தெருவில் சந்திரா வீட்டில் படுக்க வைத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். வெளியே வந்து, "வர முடியாதாம், நீங்களே நடத்துங்கன்னு தம்பி சொல்லிட்டாரு" என்றேன். அவர் எழுந்தார். எடுத்தார்கள்.

தேர்வில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

தம்பியிடம் இதைச் சொல்லிவிடு. அவர் வந்து அண்ணனிடம் சொல்லட்டும். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

மனோரமா


புனே
5-10-2025

அன்புள்ள அக்காவுக்கு, பாவா இப்போது எழுந்து நடக்கிறாரா. உங்கள் கடிதத்தை அரிசி டப்பாவில் வைத்திருந்து பலமுறை படித்தேன்.

இவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன பொய் எனக்கு அன்றைக்கே தெரியும். விடியற்காலை வந்து இறங்கியதும் இவர் சுடுகாட்டுக்கு ஓடினார். நான் குழந்தையோடு வாசலில் நின்றேன். சந்திரா வந்து, "வரமாட்டோம்னு சொன்னீங்களாமே, அப்பறம் எப்பிடி வந்தீங்க" என்று கேட்டாள். உள்ளே நீங்கள் நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. இவர் திரும்பி வந்து வீட்டுப் படி ஏறாமல் வண்டியில் உட்கார்ந்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

வழியெல்லாம் இவர் சொல்லிக்கொண்டே வந்தார்: "நைனா போயிட்டாரு, அண்ணன் ஒத்தையா ஆயிட்டாரு. வேலைய விட்டுட்டு ஊரோட வந்துடலாம் துர்கா. ரெண்டு பேரும் சேந்து பயிர் வைக்கறோம்." எனக்குப் புனேயை விட்டு வர விருப்பமில்லை. ஒரே முற்றத்தில் உங்களுக்குக் கீழே ஓரகத்தியாக வாழ விருப்பமில்லை. அந்தக் கோபம் எனக்கு உதவியாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். மூன்று வருஷம் அதற்கு நானும் தண்ணீர் ஊற்றினேன்.

இப்போது இவரிடம் சொன்னால் பாவாவை மன்னிப்பார். உங்களையும் என்னையும் மன்னிக்கமாட்டார். பாவாவும் அப்படித்தான். உங்களை விட்டால் அவருக்குச் சோறு ஊட்ட ஆளில்லை. யோசித்துப் பாருங்கள்.

கண்காட்சியை வேறு ஊர்களுக்கும் கொண்டுபோகிறார்களாம். காவடியை நிரந்தரமாகக் கேட்டார்கள். இவர் பேனா எடுத்து வரவில்லை. என் பையில் இருந்ததைக் கொடுத்தேன்.

துர்கா


தணிகாசலன் காப்பு
திருத்தணி
28-10-2025

அன்புள்ள துர்காவுக்கு, நேற்று இங்கே கந்த சஷ்டி நிறைவு. மற்ற ஊர்களில் சூரனை வதம் செய்வார்கள். நம் மலையில் அது கிடையாது, உனக்குத் தெரியும். பூவாகக் கொட்டி அர்ச்சனை செய்வார்கள். நான் மட்டும் போய்த் தொழுதுவிட்டு வந்தேன்.

பிரசாதம் கொடுக்கும்போது உன் பாவா எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஒரு காகிதம் எடு" என்றார். கை வராததாலும், எழுத்து இரண்டிரண்டாகத் தெரிவதாலும் என்னை எழுதச் சொன்னார். போன் போட்டுத் தரட்டுமா என்றேன். "போன்ல என் வாய் கொழறுது. அவன் பயந்துடுவான்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "தம்பி, நைனாவுக்கு நீ ஏன் வரமுடியாதுன்னு சொன்ன? இவ்ளோ நாளு கேக்காம உட்டது என் தப்பு. கேட்டுட்டேன். இன்னா பதிலா இருந்தாலும் சொல்லு. எனக்குக் கோவம் இல்ல."

அவர் சொல்லச் சொல்ல என் பேனா ஓடியது. முடித்ததும், "படி" என்றார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் படித்தேன். அவர் சொன்னதைப் படித்துக் காட்ட, அதைக் காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும் என்றில்லை. ஒருமுறை கேட்டது அப்படியே மனப்பாடமாகிவிட்டது. "சரியா இருக்குது" என்று இடது கையால் கையெழுத்துப் போட்டார். பதிலுக்கு எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

அந்தக் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தம்பியிடம் கொடுத்துவிடு. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

மனோரமா


திருத்தணி
28-10-2025

அன்புள்ள தம்பி கௌதமனுக்கு அண்ணன் துளசிங்கம் ஆசீர்வாதம். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். காவடி அங்கேயே இருப்பதில் எனக்குச் சம்மதம். நாலு பேர் பார்க்கட்டும். உன்னிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

துளசிங்கம்